பெரிய உடம்புக்குச் சின்ன கியர்

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துயேஸ் என்றொரு ஏற்றம் உண்டு. 13.8 கிலோமீட்டர் தூரம், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரியாக நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயர்வு. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் பெயர் பெற்ற இந்தச் சாலையில் ஆண்டுதோறும் சாதாரண ஆட்களும் ஏறிப் பார்க்கிறார்கள். அப்படி இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 65 கிலோ, மற்றவர் 95. இருவருக்கும் 9 கிலோ சைக்கிள். மூச்சு முட்டாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவராலும் தரமுடிந்தது 160 வாட்.

சமதரையில் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே எதிரி காற்று, எடை அல்ல. ஏற்றத்தில் கதை மாறிவிடும். ஒவ்வொரு கிலோவையும் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கியாக வேண்டும். கணக்குப் போட்டால் ஒல்லியானவர் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போவார், கனமானவர் 6.4.

வேகம் குறைந்தால் என்ன, மெதுவாகப் போய்ச் சேரட்டுமே என்று தோன்றும். சேரலாம்தான். சிக்கல் கியரில் இருக்கிறது. கடையில் வாங்கும் ரோடு சைக்கிள்கள் சிலவற்றில் முன்னால் சிறிய செயின்வீலுக்கு 34 பல், பின்னால் கேசட்டின் பெரிய வட்டுக்கு 28 பல். இதில் ஒல்லியானவரின் கால் நிமிடத்துக்கு 59 சுற்று சுற்றும். கனமானவருக்கு 42தான். அதே 160 வாட்டை 42 சுற்றில் எடுக்கவேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் பெடலில் விழும் அழுத்தம் சராசரி 22 கிலோவைத் தொடும். அழுத்தம் கூடக்கூட, சீக்கிரம் களைத்துப்போகும் வேகத் தசை இழைகளையும் உடம்பு வேலைக்கு இழுக்கிறது. நுரையீரலில் இன்னும் தெம்பு இருக்கும்போதே தொடை கைவிரிப்பது இதனால்தான்.

முன்னால் 30, பின்னால் 34 என்று மாற்றிப் பாருங்கள். சுற்று 58க்கு ஏறும். அழுத்தம் 16 கிலோவுக்கு இறங்கும். ஒல்லியானவர் கடைச் சைக்கிளிலேயே அனுபவிக்கும் சொகுசு ஏறக்குறைய இதுதான். 95 கிலோக்காரர் சலுகை எதுவும் கேட்கவில்லை. மற்றவருக்குத் தானாகக் கிடைத்ததைத்தான் கேட்கிறார்.

அப்படியானால் முன்னால் 34 பல் என்ற எண் எங்கிருந்து வந்தது? மனித உடம்பிலிருந்து அல்ல, போல்ட்டிலிருந்து. செயின்வீலை, பெடல் பூட்டிய கிராங்க்கோடு இணைக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். வட்டத்தின் விட்டம் 110 மில்லிமீட்டராக இருந்தால், அதற்கு வெளியே பல் வைக்க 34க்குக் கீழே பெரும்பாலும் இடமில்லை. பழைய டூர் சாம்பியன் எடி மெர்க்ஸ் காலத்துப் பந்தயக் கிராங்க்குகளில் விட்டம் 144. அவற்றில் 41 பல்லுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. பந்தயக்காரனுக்கு வகுத்த அளவுக்குள்தான் மற்றவர்களான நாம் இன்றும் காலை நுழைத்துக்கொண்டிருக்கிறோம்.

சின்ன கியர் போடுவதில் கௌரவப் பிரச்சினையும் உண்டு, அது நூறாண்டுப் பழசு. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஜ், கியர் மாற்றிகள் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதியவர். தன் பந்தயத்தில் 1937 வரை அவற்றை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. இன்று சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் உச்சப் பந்தய வரிசையான டியூரா-ஏஸிலேயே 11-34 பல் கேசட் கிடைக்கிறது. மலை நாட்களில் அறுபது கிலோ வீரர்களே பெரிய பின்வட்டைப் போட்டுக்கொள்ளும்போது நமக்கென்ன வெட்கம்?

மாற்ற விரும்புபவர் முதலில் கேசட்டைப் பார்க்கவேண்டும். செலவு குறைவு அதில்தான். ஆனால் பின் டிரெய்லியரின் (கியர் மாற்றியின்) கை குட்டையாக இருந்தால் 34 பல் வட்டை அது ஏற்காது. ஷிமானோவின் 11 வேக 105 வரிசையின் கடைசிப் பதிப்பில் (R7000) குட்டைக் கைக்கு வரம்பு 30, நீளக் கைக்கு 34. பெரிய வட்டுக்குச் செயினையும் நீட்டவேண்டும்; இதை மறந்தால் முன்னால் பெரிய செயின்வீலும் பின்னால் பெரிய வட்டும் சேரும்போது டிரெய்லியரே பிய்ந்து வரக்கூடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் முன்னால் 46/30 பல் கிராங்க். ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் வரிசையில் அது உண்டு. ஆனால் அதன் செயின் கோடு 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி அமைவதால், முன் டிரெய்லியரையும் அதே வரிசையில் வாங்கியாக வேண்டும்.

மேல் கியர் போய்விடுமே என்று கடைக்காரர் சொல்வார். 46க்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 47 கிலோமீட்டர் வரும். அதற்கு மேல் இறக்கத்தில் மிதிக்கவே தேவையில்லை, 95 கிலோ தானாக உருளும். அங்கே கவலை பிரேக் பேடுகளைப் பற்றித்தான்.