நான்கு கோடி குறைத்து ஒரு கையெழுத்து

2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில், வேலம்மாள் கல்வி அறக்கட்டளை கட்டிய கிரிக்கெட் மைதானத்தைத் திறந்துவைக்க மகேந்திர சிங் தோனி வந்து போனார். ‘தல’ வந்த பூரிப்பு ஊரில் அடங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும். நவம்பர் 15 அன்று அந்த அறிவிப்பு வந்தது. ரவீந்திர ஜடேஜா இனி சென்னை சூப்பர் கிங்ஸில் இல்லை. அவரும் இங்கிலாந்தின் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போகிறார்கள். அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார்.

ஏலத்தில் ஒரு வீரர் கைமாறினால் ரசிகர் தாங்கிக்கொள்வார். ஏலம் என்றாலே யாருக்கு யார் என்று தெரியாத ஆட்டம்தான். ‘டிரேடு’ அப்படியில்லை. இரண்டு அணிகள் உட்கார்ந்து பேசி, யோசித்து, இவரைக் கொடுத்து அவரை வாங்கலாம் என்று முடிவெடுக்கின்றன. அதனால்தான் வலி கூடுகிறது. 2022 ஏலத்தில் ‘சின்ன தல’ சுரேஷ் ரெய்னாவின் பெயர் வந்தபோது சென்னை கையைத் தூக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் தென் மாவட்டங்களில் பேசி முடிந்தபாடில்லை. ஆனால் அது வாங்காமல் விட்ட கதை. இது கையில் இருந்தவரைக் கொடுத்த கதை.

அதுவும் யாரை? 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை மறந்தவர் இருக்க முடியாது. அகமதாபாத்தில் மழை பெய்து, இலக்கு 15 ஓவரில் 171 என மாறி, நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் நீண்டது. எதிரணியில் 96 ரன் அடித்திருந்தவர் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. மோகித் சர்மாவின் பந்தை ஜடேஜா நேராகத் தூக்கி சிக்ஸர் அடித்தார். அடுத்ததைக் காலோரம் தட்டிப் பவுண்டரிக்கு அனுப்பினார். கோப்பை ஐந்தாவது முறையாக வந்தது. உணர்ச்சியை வெளியில் காட்டாத தோனி, ஓடிவந்த ஜடேஜாவை அப்படியே தூக்கிக்கொண்டார்.

அந்த மனிதரைத்தான் இரண்டரை ஆண்டு கழித்து அனுப்பிவைத்தார்கள். 2012-இல் சேர்ந்தவர், சென்னை தடைசெய்யப்பட்ட இரண்டு ஆண்டுகள் தவிர, பன்னிரண்டு சீசன் மஞ்சள் சட்டையில் ஆடியவர்.

சென்னையின் பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2025 சீசனில் சென்னை பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் முடிந்தது. அணியின் வரலாற்றில் அதுவரை அப்படி நடந்ததில்லை. ஒன்பதாவது இடம் ராஜஸ்தானுக்கு. இரண்டு அணியும் தலா நான்கு ஆட்டம்தான் வென்றிருந்தன. தோனிக்கு அப்போது வயது 44. அவருக்குப் பிறகு கையுறை யாருக்கு என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாகச் சென்னையிடம் பதில் இல்லாமல் இருந்தது. சாம்சனுக்கு 31 வயது. விக்கெட் கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், 2022-இல் ராஜஸ்தானை இறுதிப் போட்டி வரை அழைத்துப்போன கேப்டன். போதாததற்கு, பக்கத்து மாநிலத்துத் திருவனந்தபுரத்துக்காரர். ஜடேஜாவோ டிசம்பரில் 37-ஐத் தொட இருந்தார். வரப்போகும் ஐந்து ஆண்டுகளை நினைத்துப் பார்க்கும் எந்த நிர்வாகமும் இந்த ஒப்பந்தத்தைப் பரிசீலித்திருக்கும்.

இனி பணக் கணக்கு. இதைத்தான் பெரும்பாலான விவாதங்கள் தொடாமல் போயின. சென்னையில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி ரூபாய், கரனுக்கு 2.4 கோடி. ஆக 20.4 கோடிச் சம்பளச் சுமை வெளியே போனது. சாம்சனின் 18 கோடிச் சுமை உள்ளே வந்தது. சென்னையின் பர்ஸில் மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் பக்கம் பாருங்கள். சாம்சனின் 18 கோடி போனது. வந்த ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. கரனின் 2.4 கோடியைச் சேர்த்தால் 16.4 கோடி. அங்கும் மிச்சம் 1.6 கோடி. இரண்டு மிச்சத்தையும் கூட்டினால் சரியாக நான்கு கோடி. அந்த நான்கு கோடி ஜடேஜாவின் சம்பளத்திலிருந்து போனது. கொடுத்த அணியும் லாபம் பார்த்தது, வாங்கிய அணியும் லாபம் பார்த்தது, இழப்பு ஆட்டக்காரருக்கு.

ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்டார். அது முக்கியம். ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் இல்லாமல் எந்த டிரேடும் நடக்காது. விதி இதுதான்: ஒரு அணி இன்னொரு அணியிடம் விருப்பம் தெரிவிக்கலாம், வீரருக்கு வீரர் மாற்றலாம், அல்லது வெறும் பணத்துக்கு வாங்கலாம், வீரர் சம்மதிக்க வேண்டும், கடைசியாக கிரிக்கெட் வாரியம் ஒப்புதல் தர வேண்டும். ஒரு அணியில் வெளிநாட்டு வீரர்கள் எட்டுப் பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. ராஜஸ்தானில் அந்த எட்டு இடமும் நிறைந்திருந்ததால், கரனுக்கு இடம் இல்லாமல் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள் வனிந்து ஹசரங்கவும் மஹீஷ் தீக்ஷணவும் விடுவிக்கப்பட்டார்கள்.

வீரர் சம்மதிக்கலாம், மறுக்கலாம். தானாகப் போய் இன்னொரு அணியிடம் பேரம் பேசக் கூடாது. அந்தப் பாடத்தையும் ஜடேஜாவே படித்தவர்தான். 2008-இல் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியின் இளம் வீரர். பிறகு வேறு அணியுடன் நேரடியாகப் பேச முயன்றார் என்று 2010 சீசன் முழுவதும் தடை விதிக்கப்பட்டது. 2011-இல் கொச்சி, 2012-இல் சென்னை. பதினைந்து ஆண்டு கழித்து, அதே ராஜஸ்தானுக்கு, இம்முறை முறைப்படி, நான்கு கோடி குறைவாகப் போனார்.

டிரேடு ஐபிஎல்லுக்குப் புதிதல்ல. 2009-இலேயே ஜாகீர் கானைக் கொடுத்து ராபின் உத்தப்பாவை வாங்கியது பெங்களூரு. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு நினைவிருக்கும் இன்னொன்று 2019-இல் நடந்தது. பஞ்சாபின் கேப்டனாக இருந்த ரவிச்சந்திரன் அஸ்வின், ஜெகதீஷ சுசித்துக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மாற்றாக டெல்லிக்குப் போனார். கேப்டனையே மாற்றிக்கொள்கிறார்களே என்று அன்று நம்மவர்கள் திகைத்தார்கள். அதன்பின் 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு வெறும் பணத்துக்கே போனபோது திகைப்பு வெறுப்பாக மாறியது. அதைப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் நிலைமை வேறு. 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் டல்லாஸ் மாவரிக்ஸ் தன் நட்சத்திர வீரர் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. வயது 25. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோயிருந்தார். பதிலுக்குக் கிடைத்தவர்களில் முக்கியமானவர் 31 வயது ஆண்டனி டேவிஸ். கூடவே மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரும், 2029-இல் புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முதல் சுற்று வாய்ப்பும். டோன்சிச்சிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியவர்கள் போன்ற ஒரு சிலரைத் தவிர, என்பிஏ வீரர்களுக்கு மறுக்கும் உரிமை கிடையாது.

டல்லாஸ் கொந்தளித்தது. அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி வைத்து ரசிகர்கள் துக்கம் காட்டினார்கள். டேவிஸ் புதிய சட்டையில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். ஏப்ரலில் லேக்கர்ஸ் சட்டையுடன் டல்லாஸுக்கு வந்த டோன்சிச், தன் பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டியபோது அழுதார். அழுதுவிட்டு 45 புள்ளி எடுத்தார். ஒப்பந்தத்தை முடித்த பொது மேலாளர் நிகோ ஹாரிசன் நவம்பரில் பதவி நீக்கப்பட்டார்.

ஆனால் என்பிஏவில் வீரருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. வீரர் எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய ஒப்பந்தச் சம்பளம் அப்படியே கூடப்போகும். வாங்கும் அணி அதைக் குறைக்க முடியாது. டோன்சிச் இழந்தது வேறு: டல்லாஸிலேயே இருந்திருந்தால் பின்னாளில் கேட்டிருக்கக்கூடிய, சுமார் 34.5 கோடி டாலர் மதிப்புள்ள பெரிய ஒப்பந்தத் தகுதி. ஆக அமெரிக்க வீரருக்குச் சம்பளம் உறுதி, சொல்லுரிமை இல்லை. இந்திய வீரருக்குச் சொல்லுரிமை உண்டு, சம்பளம் உறுதி இல்லை. இரண்டில் எது மேல் என்று கேட்டால், சம்மதம் கேட்கும் முறைதான் மேல். ஒரு மனிதரை அவரைக் கேட்காமல் ஊர்விட்டு ஊர் அனுப்புவதற்கு எவ்வளவு பெரிய சம்பளமும் ஈடாகாது. அதோடு அமெரிக்கச் சம்பள உறுதியையும் ஐபிஎல் எடுத்துக்கொண்டால் குறை இருக்காது.

மதுரைச் சீமைக்குக் கூடைப்பந்து அந்நியமான ஆட்டமல்ல. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியைப் பல பத்தாண்டுகளாகக் கோடையில் மின்னொளியில் நடத்திவருகிறது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், கடற்படை, விமானப்படை என்று அங்கே வந்து ஆடும் அணிகளின் பெயரைப் பார்த்தாலே விஷயம் புரியும். இவையெல்லாம் வேலை கொடுக்கும் இடங்கள். நம் கூடைப்பந்து வீரர் அணி மாறுகிறார் என்றால் வேலை மாறுகிறார் என்று பொருள். அவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்க யாராலும் முடியாது. கோடிகள் இல்லை, ஆனால் ஆட்டம் ஓய்ந்த பிறகும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அந்தக் கேலரியில் உட்கார்ந்து வளர்ந்த ரசிகருக்கு டிரேடு என்பது விநோதமாகத் தெரிவதில் வியப்பில்லை.

கிரிக்கெட்டில் மதுரைக்கும் இந்தக் கைமாற்றத்தின் ருசி தெரியும். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடரில் மதுரை பேந்தர்ஸ் கோப்பை வென்றபோது, யாரும் அதிகம் அறியாத ஒரு சுழற்பந்து வீச்சாளர் அந்த அணியில் இருந்தார். வருண் சக்கரவர்த்தி. அதே ஆண்டு டிசம்பரில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. பின்னாளில் அவர் திண்டுக்கல் அணிக்கு ஆடினார், கொல்கத்தாவின் தூணானார், இந்தியாவுக்கும் ஆடினார். மதுரைக்காரர்கள் அவரை விட்டுக்கொடுத்துவிட்டார்களா என்ன? எந்த நிறச் சட்டை போட்டாலும் ‘நம்ம டீம்ல ஆடுன பையன்’ என்றுதான் பேச்சு.

சென்னையின் மூன்று கோப்பையில் பங்கிருந்த ஜடேஜாவுக்காக வருந்துவது ரசிகரின் உரிமை. அதை ‘தொழில்முறை விளையாட்டில் உணர்ச்சிக்கு இடமில்லை’ என்று ஒதுக்குவது சரியல்ல. அந்த உணர்ச்சியை நம்பித்தான் சட்டை விற்கிறது, டிக்கெட் விற்கிறது, விளம்பரம் வருகிறது. அப்படியிருக்க ஒரு பெரிய வீரரை மாற்றும்போது ஏன் மாற்றுகிறோம் என்று ரசிகருக்குத் திறந்து சொல்லும் கடமை அணிக்கு இருக்கிறது. ஒரு பக்க அறிக்கையும் ஒரு நன்றிப் படமும் போதாது. சென்னை பின்னர் டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு ஆடியிராத இடதுகைச் சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரை 14.2 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம்தான். ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் கொடுக்கும் சம்பளத்தைவிட 20 லட்சம் கூடுதல். ஜடேஜா விட்டுப்போன இடம் எவ்வளவு பெரியது என்பதை நிர்வாகமும் உணர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் கோபம் யார் மேல் பாய வேண்டும் என்பதில்தான் ரசிகர்கள் தவறிவிடுகிறார்கள். ஹர்திக் கதைக்கு இங்கே வருவோம். ரோகித் சர்மாவை நீக்கி அவரைக் கேப்டனாக்கியது மும்பை நிர்வாகம். 2024 சீசனில் ஏச்சு வாங்கியது ஹர்திக். அகமதாபாத்தில் பழைய ரசிகர்கள் கத்தினார்கள். வான்கடேயில் சொந்த ரசிகர்களே கத்தினார்கள். டாஸ் போடும் இடத்தில் சஞ்சய் மஞ்ச்ரேகர் ஒலிவாங்கியில் கூட்டத்தை அடக்க வேண்டிவந்தது. அந்த ஆண்டு மும்பை கடைசி இடம். ஜூன் 29 அன்று, டி20 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஓவரை வீசி இந்தியாவை வெல்லவைத்தவர் அதே ஹர்திக். ஐந்து நாள் கழித்து அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லிக் கோஷமிட்டது. நடுவில் கடந்த அந்த மூன்று மாதத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை.

சாம்சன் யாரையும் துரத்திவிட்டு வந்தவர் அல்ல. ஜடேஜா யாரையும் விட்டு ஓடியவரும் அல்ல. நிர்வாகத்தோடு வழக்கிருந்தால் நிர்வாகத்தைக் கேளுங்கள். நேரடியாக, கடுமையாகக் கேளுங்கள். சேப்பாக்கத்தில் சாம்சன் பூஜ்யத்துக்கு ஆட்டமிழக்கிற நாளிலும் ஏசாதீர்கள். மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் ஏறி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ராஜஸ்தான் சட்டையில் ஜடேஜா அந்த மைதானத்தில் இறங்கும் நாளில் எழுந்து நின்று கை தட்டுங்கள். அவர் உங்கள் அணியின் விக்கெட்டை எடுத்தாலும் தட்டுங்கள்.