முடிக்கெதுக்கு ரத்தம் குத்தணும்?

களியக்காவிளைச் சந்தையிலிருந்து பாறசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா பையைத் திறந்து காட்டினார். மூன்று எண்ணெய்ப் பாட்டில், ஒரு டப்பா 'முடி விட்டமின்'. குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டையை முடி உருண்டையாக அடைக்கிறதாம். எந்நேரமும் அசதி, மலச்சிக்கல், பங்குனி வெயிலிலும் குளிர். புருவத்தின் வெளிமுனை தேய்ந்திருந்தது. தைராய்டு பார்த்தீர்களா என்றேன்.

"முடிக்கெதுக்கு ரத்தம் குத்தணும்?"

அமரவிளையிலும் உதியன்குளங்கரையிலும் இதே கேள்வியைக் கேட்டுச் சலித்துவிட்டது. தைராய்டு மந்தமானாலும் மிஞ்சினாலும் முடி வளர்வதை நிறுத்தி, சில மாதம் கழித்துத் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். ரத்தசோகை, பிரசவம், கடுங்காய்ச்சலுக்குப் பிறகும் கொட்டும். எதுவென்று எண்ணெய் சொல்லாது.

பாறசாலை தாலுகா மருத்துவமனையோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையோ, ஓபி சீட்டு எடுத்துப் பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4, ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் 'முடிக்கா வந்தீங்க' என்று சிரிக்க ஒருவர் இருப்பார், கூசாதீர்கள். ரிசல்ட்டைத் தாளில் வாங்கி, பழைய தாள்களோடு சேர்த்து வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டெஸ்ட், இந்தப் பக்கம் ஒரு டெஸ்ட் என்று எடுத்துவிட்டு ஒன்றையும் கொண்டுவராதவருக்கு எந்த டாக்டராலும் மாத்திரை அளவு சொல்ல முடியாது.

முக்கியமானது அந்த விட்டமின் டப்பா. அதில் இருப்பது பெரும்பாலும் பயோட்டின். ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். மாத்திரையிலோ 5, 10 மில்லிகிராம். பல லேப் கருவிகளில் இது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்க்கணக்குக் காட்டும். மந்தத் தைராய்டு தாளில் 'நார்மல்' ஆகிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதை எச்சரித்தது. ரத்தம் கொடுக்கக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்; அதிக அளவு என்றால் இன்னும் முன்பே. டாக்டரிடமும் லேபிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தைராக்ஸின் மாத்திரை எழுதினால் விடிகாலை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். சாயா அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட். முடி திரும்ப மாதக்கணக்காகும். மூன்றாம் வாரம் 'வளரவில்லை' என்று நிறுத்தாதீர்கள். கர்ப்பமானால் நிறுத்தவே கூடாது, உடனே டாக்டரிடம் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கவும் கூடாது; அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், முடி இன்னும் கொட்டும்.

'முப்பது நாளில் முடி' என்ற விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. பில்லும் லேபிளும் கையில் இருக்கட்டும்.

அக்காவிடம் பில் கேட்டேன். பில் இல்லாமல் வாங்கினால் இருபது ரூபாய் குறைவாம்.