சட்டசபையைப் பார்க்க நமக்கும் வழி உண்டு



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் சுற்றுலா பற்றிப் பேச்சு வந்தது. மகாபலிபுரம், மெரினா என்று ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஒரு அக்கா மட்டும், "சட்டசபையைப் பாக்கணும். நம்மள உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. விடுவார்கள். அதற்கு முறை இருக்கிறது.

நம் சட்டமன்றம் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கூடுகிறது. மொத்தம் 234 உறுப்பினர்கள். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று 1989-இல் சட்டம் கொண்டுவந்தது நம் சட்டமன்றம்தான். அப்போது திருமணம் ஆகாத மகள்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. 2005-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால் திருமணமான மகள்களுக்கும் கிடைத்தது. நம் பங்கைத் தீர்மானித்த இடத்தை நாம் பார்க்க வேண்டாமா?

சபை நடக்கும்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு நம் தொகுதி எம்.எல்.ஏ.வின் பரிந்துரை தேவை. தில்லி நாடாளுமன்றம் என்றால் எம்.பி.யிடம் கேட்க வேண்டும்.

என்ன செய்யணும்?

1. குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

2. வருகிறவர்களின் பெயர், வயது, முகவரியைப் பட்டியல் போடுங்கள். அடையாள அட்டை நகல் வையுங்கள். நமக்குப் பரிந்துரை செய்கிறவர் நமக்குப் பொறுப்பும் ஏற்கிறார். அதனால் விவரம் சரியாக இருக்கணும்.

3. சபை வருஷம் முழுக்க நடக்காது. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததும் தேதி குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

4. தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாடத்தில் இடம் குறைவு. எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்காமல் போகலாம். பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தொடருக்குக் கேளுங்கள். உள்ளே செல்போன், பை கூடாது. பேச்சு, கைதட்டல், கோஷம் எதுவும் கூடாது.

இதுவரை எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நாம் போனது ரோடு வேணும், தண்ணி வேணும் என்று மனு கொடுக்கத்தான். ஓட்டு கேட்க அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வேலை செய்கிற இடத்தை நாமும் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த மனுவை நாம் கொடுக்கிற விதமே மாறும்.

கேள்வி கேட்ட அக்காவின் குழு கடிதம் எழுதிவிட்டது. "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று அவர் வீட்டில் கேட்டார்களாம். கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

உங்கள் குழு எப்போது எழுதப் போகிறது? அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.