ராத்திரிப் பாசனத்துக்கு பேட்டரியா, தொட்டியா?

"சோலார் பம்போடு பேட்டரியும் போட்டுக்குங்க, ராத்திரியிலும் மோட்டார் ஓடும்" என்று எவராவது ஆசை காட்டினால், கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் மணிக்குக் குறைந்தது 3.7 யூனிட் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 22 யூனிட். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் ஈய பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். சீக்கிரம் கெடாமலிருக்க அதில் பாதியோடு நிறுத்துவது நல்லது. ஆக, ஒரு மோட்டாருக்கு இருபத்தைந்து பேட்டரி. சில வருஷத்தில் அத்தனையும் மாற்றவேண்டும்.

பாலைவன ராஜஸ்தானிலேயே இந்த வழிக்குப் போகவில்லை. அங்கே 2010-க்குப் பிறகு சோலார் பம்புக்கு மானியம் கொடுத்தபோது, 'டிக்கி' எனும் பண்ணைத் தொட்டியும் சொட்டுநீர்க் குழாயும் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வெயிலில் தண்ணீரை ஏற்றி நிறுத்திவிட்டால் பிறகு வேண்டிய நேரத்தில் பாய்ச்சலாம். 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தின் வழக்கமான பம்பும் பேட்டரி இல்லாமல் வெயிலில் நேரடியாக ஓடுவதுதான்.

பழவேற்காட்டுப் பக்கம் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கோட்டைக்குப்பத்தில் பிழைப்பு ஏரியிலும் கடலிலும். ஆனால் குடத்துத் தண்ணீருக்கும், மேற்கே பொன்னேரிப் பக்கத்து நெல்லுக்கும் நிலத்தடி நீர் வேண்டும். கரையோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலே ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு சுமார் நாற்பது அடி ஏறிவரக்கூடும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்தது 1960-களின் இறுதியிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பகலெல்லாம் இறைத்த போர், ராத்திரி ஓய்ந்தால்தான் கொஞ்சமாவது ஊறும். பேட்டரி அந்த ஓய்வையும் பறித்துவிடும். தொட்டிக்குப் பதில் மணல் பூமியில் வெறும் குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்காது. சிமெண்ட் தொட்டி அல்லது அடியில் தார்ப்பாய் விரித்த குட்டைதான் சரி.

வீட்டு விளக்குக்கும் படகு விளக்குக்கும் பேட்டரி வேண்டியதுதான். அதில் கவனம் இரண்டு இடத்தில். உப்புக்காற்றில் முனைகள் பூத்துப்போகும். துடைத்து வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வரும், ஆகவே படுக்கிற அறையில் வைக்காதீர்கள். ஆசிட் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாவது, செத்த பேட்டரி. அதைக் கொல்லையில் உடைத்து ஈயம் எடுப்பது குழந்தைகளுக்குச் செய்யும் கேடு. ஈயத்தில் 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்பதே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வளரும் மூளையைத் தாக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. காயலான் கடையில் போடாமல், விற்ற கடையில் எக்சேஞ்சுக்குக் கொடுங்கள்.

இனி ஏமாற்று. குசும் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் கேட்கின்றன. மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் அந்தத் திட்டத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். திட்டத்தில் போட்ட பம்பை ஐந்து வருஷம் பராமரிப்பது நிறுவனத்தின் கடமை. "சர்வீஸ் சார்ஜ்" கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கிய பேட்டரி வாரண்டிக்குள் போனால், பில்லும் வரிசை எண்ணும் கையில் இருக்கவேண்டும். வாங்கிய அன்றே செல்போனில் படம் பிடித்துவையுங்கள், உப்புக்காற்றில் ஸ்டிக்கர் எழுத்து நிற்காது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். சரிவராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. "தொழிலுக்கு வாங்கினது, கேஸ் நிக்காது" என்று கடைக்காரர் பயமுறுத்துவார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கிச் சொல்கிறது.