முதல் தடவை கஞ்சா வாங்குறவருக்கு ஒரு ஆப்: எங்கே வேகம் குறையணும்?

நல்ல ஷாப்பிங் ஆப்னா என்ன சொல்வோம்? தேடினது உடனே கிடைக்கணும், ரெண்டு தட்டுல ஆர்டர் போயிடணும். சம்பளம் பத்தாம் தேதிக்குள்ள கரையுறதும் அதே வேகத்துலதான், அது தனிக் கதை. ஆனா இந்த வேகமே வாங்குறவருக்கு எதிரா திரும்புற ஒரு கடை இருக்கு. அமெரிக்காவில் பல மாநிலங்கள்லயும் கனடாவிலும் சட்டப்படி நடக்கிற கஞ்சாக் கடை. நம்ம நாட்டுல 1985 போதைப்பொருள் சட்டப்படி கையில வச்சிருந்தாலே வழக்கு. அதனால இது வாங்கச் சொல்ற கட்டுரை இல்ல. உங்கள்ல சிலர் இப்படிப்பட்ட ஆப்களுக்கு டிசைன் செய்யலாம், சிலர் ஆன்சைட் போய் அந்தக் கடை வாசலைக் கடக்கலாம். அதுக்காகத்தான்.

2014-ல நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மொரீன் டவுட், கொலராடோவுக்குப் போய் கஞ்சா கலந்த சாக்லேட் பார் ஒண்ணை வாங்கினார். கொஞ்சம் கடிச்சார், ஒண்ணும் ஆகல. இன்னும் கொஞ்சம் கடிச்சார். அப்புறம் ஹோட்டல் அறையில எட்டு மணி நேரம் நடுங்கிக் கிடந்ததா அவரே எழுதினார். புதுசா சாப்பிடுறவங்க அந்த பாரை 16 துண்டா வெட்டணுமாம். அது லேபிள்ல இல்ல.

புதியவருக்கான ஆப் தீர்க்க வேண்டிய முதல் பிரச்சினை இதுதான். சாப்பிடுற வகை வேலை செய்ய அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் வரை ஆகும். கனடா அரசு புதியவங்களுக்குச் சொல்ற அளவு 2.5 மி.கி. டிஎச்சி, அதாவது போதை தரும் பொருள், அதுக்கு மேல வேண்டாம். இந்த ரெண்டு தகவலும் 'கார்ட்ல சேர்' பட்டனுக்குப் பக்கத்துலயே பெரிசா இருக்கணும். கேள்வி-பதில் பக்கத்துல போட்டா யாரு போய்ப் படிப்பாங்க?

அடுத்தது நம்ம ஏரியா: விலை. ஒரு கணக்குக்கு, 10 மி.கி. பாக்கெட் 6 டாலர், 100 மி.கி. பாக்கெட் 20 டாலர்னு வச்சுக்குங்க. மி.கி. கணக்குல பெரிய பாக்கெட் மூணு மடங்கு மலிவு. பழக்கதோஷத்துல கை அங்கதான் போகும், ஆப்பும் 'பெஸ்ட் வேல்யூ'ன்னு பட்டை ஒட்டும். ஆனா 2.5 மி.கி. போதும்ங்கிறவர்கிட்ட 100 மி.கி. இருந்தா, அது 40 தடவைக்கான சரக்கு. பிடிக்கலைன்னா 20 டாலரும் போச்சு. வீட்டுல குழந்தை இருந்தா மிட்டாய்னு நினைச்சு எடுத்துடும். (அதுக்குப் பேரே கம்மி. பேர்ல மட்டும்தான் கம்மி!) டிஎச்சி அதிகமானதை மேல காட்டுற வரிசையைப் புதியவருக்கு மறைச்சு வைக்கிறது நல்ல டிசைன். கடைக்காரருக்குப் பிடிக்காது, தெரியும்.

வரியையும் கவனிங்க. வாஷிங்டன் மாநிலத்துல கஞ்சாவுக்கு 37% கலால் வரி. 40 டாலர் பொருளுக்கு 14.80 அதுலயே போகும், விற்பனை வரி தனி. கடைசித் திரையில வரியைக் காட்டுற ஆப் புதியவரை ஏமாத்துது. முதல் திரையிலேயே கையில இருந்து போகுற மொத்தத் தொகை தெரியணும்.

பணம் கட்டுறது இன்னொரு தலைவலி. மத்திய சட்டம் அனுமதிக்காததால கிரெடிட் கார்டு செல்லாது. பெரும்பாலும் ரொக்கம். சில கடையில டெபிட் கார்டைத் தேய்ச்சா, ஏடிஎம்ல பணம் எடுத்த மாதிரி பதிவாகும். 54.80-க்கு 60 எடுத்து, மீதியைச் சில்லறையா தருவாங்க, கட்டணமும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் முன்னாடியே சொல்லணும்.

ஆப்பிள் 2021-ல இந்த ஆப்களுக்குச் சட்டப்படி அனுமதி உள்ள இடங்கள்ல மட்டும் வழி விட்டுச்சு. கூகுள் ப்ளேல விற்பனை ஆப்புக்கு இடம் இல்ல. அதனால போன்ல நல்லா ஓடுற வெப்சைட் இல்லாம காரியம் நடக்காது.

பெரும்பாலான டிசைனர்கள் யோசிக்காத ஒண்ணு விசா. மாநிலத்துல சட்டப்படி வாங்கினாலும், எச்1பி-ல இருக்கிறவர் பயன்படுத்தினதா அதிகாரிகிட்ட ஒத்துக்கிட்டாலே, தண்டனை எதுவும் இல்லாமலே அமெரிக்காவுக்குள்ள நுழைய அனுமதி மறுக்கப்படலாம். எல்லையில போனைச் சோதிக்கவும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. வயசு சரிபார்க்க அடையாள அட்டை கேட்கிற அதே திரையில, 'அமெரிக்கக் குடிமகன் இல்லையா? வாங்குறதுக்கு முன்னாடி வக்கீலைக் கேளுங்க'ன்னு ஒரு வரி போட்டா செலவு ஒண்ணும் இல்ல. அந்த வரி இல்லாத ஆப்பா இருந்தா, விசாவுல இருக்கிறவர் அதை இறக்கவே வேண்டாம். இருந்தாலும் வேண்டாம்.