செய்தி கேட்டும் எழாத உயிரணுக்கள்

ஒரே நாளில் பேரனுக்கும் பாட்டிக்கும் கணுக்கால் சுளுக்கிக் கொண்டதென்று வைத்துக் கொள்வோம். பேரன் சில வாரங்களில் பந்தாடப் போய்விடுகிறான். பாட்டியோ மாதங்கள் சென்ற பின்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் உறுதியான பட்டைக்கு இணைப்புநார் என்று பெயர். பேச்சு வழக்கில் ஜவ்வு என்போம். மருத்துவர்கள் லிகமென்ட் என்பார்கள். அது அளவுக்கு மீறி இழுபடுவதே சுளுக்கு. தேங்காய்நாரைத் திரித்துக் கயிறாக்குவது போல, கொலாஜன் என்னும் புரத இழைகள் சேர்ந்து இந்நார் உருவாகிறது.

கயிற்றின் வலிமை

1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாவியோ வூ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், இறந்தோரின் முழங்கால் மூட்டிலுள்ள ஒரு முக்கிய நாரை இழுத்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். 22 முதல் 35 வயதினரின் நார் சராசரியாக 2160 நியூட்டன் விசையைத் தாங்கியது. அறுபதைக் கடந்தவர்களின் நாரோ 658 நியூட்டன் வரையே தாங்கியது. ஒரு கிலோகிராமின் எடை ஏறத்தாழ 9.8 நியூட்டன் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? வகுத்துப் பாருங்கள். முன்னது 220 கிலோ, பின்னது 67 கிலோ பாரத்திற்குச் சமம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

கயிறு திரிப்பவர்கள்

இக்கயிற்றைத் திரிப்பவை, இழைகளுக்கிடையே வாழும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் நார் உயிரணுக்கள். காயம் பட்டவுடன் இரத்தத் தட்டுகள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை வெளிவிடுகின்றன. இவை, ‘பழுது பார்க்க வாருங்கள்’ என்று செய்தி கொண்டுவரும் தூதர்கள் எனலாம். உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் அவை பூட்டில் சாவி போலப் பொருந்துகின்றன. செய்தி உட்கருவை அடைந்ததும் உயிரணு இரண்டாகப் பிரிகிறது. புதிய கொலாஜனைச் சுரக்கிறது.

இப்பிரிதலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1961-இல் லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் ஆகிய இருவரும், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த மனித நார் உயிரணுக்கள் சுமார் 50 முறை பெருகிய பின் பிரிவதை நிறுத்தி விடுவதைக் கண்டனர். அவை உடனே மடிவதில்லை, உயிரோடு ஓய்ந்திருக்கின்றன.

இவ்வாறு ஓய்ந்த நுரையீரல் நார் உயிரணுக்களைப் பின்னர் ஆராய்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. வளர்ச்சிக் காரணி வழக்கம்போல் ஏற்பியில் பொருந்துகிறது. ஆனால், பிரிவதற்கு முன் நடக்க வேண்டிய டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்குவதில்லை. தபால்காரர் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர் எழுந்து வருவதில்லை!

வயது ஏற ஏற உடலின் திசுக்களில் இத்தகைய உயிரணுக்கள் மிகுகின்றன. பழுது பார்க்கும் பணி தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து மட்டும் போதுமா?

நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே தட்டுகளைச் செறிவாக்கி, காயத்தில் ஊசி வழியே செலுத்தும் சிகிச்சை இன்று உண்டு. அதன் பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. தூதர்களைப் பெருக்கினால் மட்டும் போதாது. கேட்பவரும் விழித்திருக்க வேண்டும்.

நார் உயிரணுக்கள் இன்னொரு மொழியையும் அறியும். அதுதான் இழுவிசை. அசையாமல் கட்டி வைத்த மூட்டின் நார் சில வாரங்களிலேயே வலுவிழக்கிறது. அளவான அசைவு அதன் வலுவைக் காக்கிறது. ஆகவே, காயம்பட்ட முதியவரைப் படுக்கையிலேயே முடக்கி விடாதீர்கள். மருத்துவர் சொல்லும் பயிற்சியைச் செய்ய அவருக்குக் கை கொடுங்கள்.

ஓய்ந்த உயிரணுக்களைத் தீங்கின்றி எழுப்புவது எப்படி? பிரிதல் கட்டுமீறினால் புற்றுநோய் ஆகிவிடுமே! இந்தப் புதிருக்கு விடை காணும் பணி உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.