ரிப்பேர் பண்ணப் போன டூலே ஃபைலை அழித்தால்? டிஸ்க்கின் ‘சார்ட்’ குழப்பம்!

கரண்ட் கட்டாகி டெஸ்க்டாப் அப்படியே அணைந்துபோகிறது. திரும்ப ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஏதேதோ வரிகள் ஓடுகின்றன. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குப் பழகிய காட்சிதான். ‘இ2எஃப்எஸ்சிகே’ என்ற ரிப்பேர் டூல் உள்ளே டிஸ்க்கைச் சரிபார்க்கிறது. பெரும்பாலும் ‘ஜர்னல்’ எனும் குறிப்பேட்டைப் பார்த்தே வேலை முடிந்துவிடும். சேதம் பெரிது என்றால் முழுச் சோதனை.

சரி, அந்த டூலின் கணக்கிலேயே பிழை இருந்தால்?

டிஸ்க்குக்கும் ஒரு சார்ட் உண்டு

லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், டிஸ்க்கை வழக்கமாக 4,096 பைட் கொண்ட பிளாக்குகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிட். 0 என்றால் காலி, 1 என்றால் ஆள் இருக்கு. இந்தப் பட்டியல்தான் ‘பிட்மேப்’. ஒரு பிளாக்கில் அடங்கும் பிட்மேப், 32,768 பிளாக்குகளை, அதாவது 128 எம்பி இடத்தைக் கவனித்துக்கொள்ளும்.

ரயில் பெட்டியின் ரிசர்வேஷன் சார்ட் மாதிரிதான். டிஸ்க் சிதைந்தால் சார்ட் ஒன்று சொல்லும், சீட்டில் வேறு ஆள் இருப்பார். அதனால் ரிப்பேர் டூல் பழைய சார்ட்டை நம்பாது. டிடிஇ போல ஒவ்வொரு ஃபைலாகப் போய், ‘உனக்கு எந்தெந்தப் பிளாக்?’ என்று விசாரித்து, மெமரியில் புது சார்ட் எழுதும். இது முதல் சுற்று. ஐந்தாவது, கடைசிச் சுற்றில்தான் டிஸ்க்கில் உள்ள பிட்மேப்புடன் ஒப்பிட்டுத் திருத்தும்.

சிக்கல் எங்கே?

இந்த இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில். ரிப்பேர் நடக்கும்போதே டூலுக்கும் இடம் தேவைப்படும். எந்த ஃபோல்டரிலும் சேராத ஃபைல்களைப் போட்டுவைக்கும் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரைப் பெரிதாக்கணும், சிதைந்த ஃபோல்டரைத் திரும்பக் கட்டணும். அதற்கான பிளாக்கை எந்தச் சார்ட் பார்த்து எடுப்பது?

பழைய சார்ட்டில் ‘காலி’ என்று இருக்கும். உண்மையில் அங்கே உங்கள் கல்யாண போட்டோ உட்கார்ந்திருக்கும். டூல் அதன் மேலேயே எழுதிவிடும். ரயிலில் சண்டை போட்டாவது சீட்டை மீட்கலாம். இங்கே முதலில் இருந்தவர் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுவார்.

இதைத் தடுக்க, இ2எஃப்எஸ்சிகே புது பிளாக் கேட்கும் கோரிக்கைகளை இடைமறித்து, மெமரியில் உள்ள புது சார்ட்டுக்குத் திருப்பிவிடுகிறது. எடுத்த பிளாக், விட்ட பிளாக் இரண்டையும் அந்தச் சார்ட்டில் உடனுக்குடன் குறிக்கணும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் போச்சு!

எதிர்த் தவறும் நடக்கலாம். காலி பிளாக்கை நிரம்பியதாகக் குறித்தால் கொஞ்சம் இடம் வீணாகும், அவ்வளவுதான். சரியான டூலை ஓட்டினால் அது திரும்பக் கிடைக்கும். அழிந்த போட்டோ கிடைக்காது.

ஒரு பிட், 16 பிளாக்

2012 ஜனவரியில் லினக்ஸ் 3.2 உடன் ‘பிக்அலாக்’ வந்தது. பல பிளாக்குகள் சேர்ந்த ஒரு கிளஸ்டருக்கு ஒரே பிட். 16 பிளாக் என்றால் 64 கேபி. பெரிய ஃபைல்களுக்கு இது லாபம். ஆனால், ஒரு பிளாக்கை விடுவிக்கும்போது டூல் யோசிக்காமல் பிட்டை 0 ஆக்கினால், பக்கத்து 15 பிளாக்குகளும் காலி கணக்கில் போய்விடும்.

எக்ஸ்எஃப்எஸ் கதை வேறு. 2016 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.9-ல் அதற்கு ‘ரீஃப்ளிங்க்’ வசதி கிடைத்தது. அதன்பின் இரண்டு ஃபைல்கள் ஒரே பிளாக்கைப் பகிர்வது தவறே அல்ல. ஆள் இருக்கா என்பதோடு, எத்தனை பேர் என்றும் ரிப்பேர் டூல் எண்ண வேண்டியதாயிற்று.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

இ2எஃப்எஸ்சிகே-வின் சோதனைத் தொகுப்பில், வேண்டுமென்றே உடைத்த குட்டி டிஸ்க் இமேஜ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் டூல் வழக்கமாக இரண்டு முறை ஓடும். இரண்டாவது முறை பொதுவாக எந்தக் குறையும் வரக் கூடாது. வந்தால், முதல் ஓட்டத்தில் டூலே சொதப்பியிருக்கலாம் என்று சந்தேகம். எளிமையான யோசனை, ஆனால் செம!

நீங்கள் என்ன செய்யலாம்?

மவுன்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் ரிப்பேரை ஓட்டாதீர்கள். முதலில் ‘-என்’ ஆப்ஷனில் ஓட்டினால், எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் காட்டும். முக்கியமான டேட்டா என்றால், முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து, நகலில் ரிப்பேர் செய்யுங்கள். பழைய டூலுக்குப் பதில் புதிய வெர்ஷன் உள்ள லைவ் யுஎஸ்பி நல்லது.

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ரிப்பேர் கட்டளை, வேலையைத் தொடங்கும் முன் எச்சரிக்கை காட்டி 10 விநாடி காத்திருக்கும். அதற்குள் கன்ட்ரோல்+சி அழுத்தினால் நின்றுவிடும்.